சூப்பர் 8, சூப்பர் 16, 35 மி.மீ.: குறும்படத்துக்கு எதில் செலவு எங்கே போகிறது

குறும்படத்தை ஃபிலிமில் எடுப்பது என்று முடிவுசெய்தவர்கள் முதலில் விசாரிப்பது ஒரு ரோலின் விலையை. அந்த ஒரு விலையை வைத்து ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பாதி வழியில் புரண்டுவிடும். வாங்கிய ஒவ்வோர் அடியையும் லேப்பில் கழுவியாக வேண்டும். கழுவியதை ஸ்கேன் செய்தாக வேண்டும். கச்சா ஃபிலிமை ரோல் கணக்கில் விற்கிறார்கள். கழுவுவதற்கு அடிக் கணக்கு. ஸ்கேன் கட்டணம் ஒரு லேப்பில் அடிக்கு, இன்னொன்றில் மணிக்கு. இந்த மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. அந்த அலகு இதுதான்: கேமரா ஒரு நிமிடம் ஓடினால், அந்த நிமிடம் கோப்பாக ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு ஆகும்?

திரையில் 10 நிமிடம் ஓடும் படம், 6:1 ஷூட்டிங் ரேஷியோ என்று வைத்துக்கொள்வோம். அதாவது கேமரா 60 நிமிடம் ஓடும். வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் கணக்கு இப்படி வருகிறது (பெர்ஃப் என்பது ஃபிலிம் ஓரத்தில் உள்ள துளை; 35 மி.மீ.யில் ஒரு ஃபிரேம் எத்தனை துளை உயரம் என்பதே 2, 3, 4):

| ஃபார்மட் | ஓர் அடியில் ஃபிரேம் | நிமிடத்துக்கு அடி | 60 நிமிடத்துக்கு |
|---|---|---|---|
| சூப்பர் 8 | 72 | 20 | 1,200 அடி (50 அடி கார்ட்ரிட்ஜ் 24) |
| 16, சூப்பர் 16 | 40 | 36 | 2,160 அடி (400 அடி ரோல் 6) |
| 35, 2 பெர்ஃப் | 32 | 45 | 2,700 அடி (400 அடி ரோல் 7) |
| 35, 3 பெர்ஃப் | 21⅓ | 67.5 | 4,050 அடி (400 அடி ரோல் 11) |
| 35, 4 பெர்ஃப் | 16 | 90 | 5,400 அடி (400 அடி ரோல் 14) |

25 ஃபிரேமில் எடுப்பவர்கள் எல்லா வரிசையிலும் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபிலிம் கம்பெனிகளில் எந்த பிராண்டு மலிவு என்ற கேள்விக்கு இப்போது இடமில்லை. ஃபியூஜிஃபிலிம் சினிமா நெகட்டிவ் தயாரிப்பை நிறுத்துவதாக 2012இல் அறிவித்தது. அதற்குப் பிறகு கலர் நெகட்டிவ் என்றால் நடைமுறையில் கோடக்கின் விஷன்3 வரிசைதான். 50 டேலைட், 250 டேலைட், 200 டங்ஸ்டன், 500 டங்ஸ்டன் (எண் ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன்; டேலைட் பகல் வெளிச்சத்துக்கு, டங்ஸ்டன் மஞ்சள் விளக்கு வெளிச்சத்துக்கு) என்ற நான்கில் எதை எடுப்பது என்பது லைட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 50க்கும் 500க்கும் இடையில் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). இரவுக் காட்சி அதிகம் உள்ள கதைக்கு 500ஐத் தவிர வேறு எதை வாங்கினாலும் மிச்சமாகும் பணம் விளக்கு வாடகைக்குப் போய்விடும்.

சூப்பர் 8: மலிவு என்ற பெயர் மட்டும்

கோடக் 1965இல் கொண்டுவந்த அந்தக் கார்ட்ரிட்ஜின் கவர்ச்சி இன்றும் குறையவில்லை. கேமரா கைக்குள் அடங்குகிறது, லோட் செய்வதற்கு உதவியாளர் வேண்டாம், ஒரு கார்ட்ரிட்ஜின் விலை பயமுறுத்துவதில்லை. ஆனால் 24 ஃபிரேமில் அது இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. 18இல் ஓடவிட்டால் மூன்று நிமிடம் 20 வினாடி. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கழுவும் கட்டணம் உண்டு. ஸ்கேனிலும் பல இடங்களில் கார்ட்ரிட்ஜ் எண்ணிக்கையே கணக்கு. 24 கார்ட்ரிட்ஜுக்குமான மூன்று செலவையும் கூட்டி 60ஆல் வகுத்துப் பாருங்கள். 16 மி.மீ.க்கு வரும் தொகையை அது எதிர்பாராத அளவுக்கு நெருங்கிவிடும்.

அந்த நெருக்கத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் படத்தின் பரப்பு சூப்பர் 16இல் கால் பங்கு. சூப்பர் 8 ஃபிரேம் 5.79க்கு 4.01 மி.மீ.; சூப்பர் 16இன் ஃபிரேம் 12.52க்கு 7.41. தவிர, கேமராக்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டு பழையவை. மோட்டார் சத்தம் வசனத்தில் ஏறும். வேகம் துல்லியமாக நிற்காததால் தனியாகப் பதிந்த ஒலியோடு உதடு ஒட்டாது. டப்பிங் செலவைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே எடுபடாது. நினைவுக் காட்சி, கனவு, வசனமில்லாத ஐந்து நிமிடப் படம் ஆகியவற்றுக்குச் சூப்பர் 8இன் அதிர்வும் துகளும் அழகு. வசனம் உள்ள பத்து நிமிடக் கதையை முழுவதும் அதில் எடுக்க நினைப்பது சிக்கனம் ஆகாது.

உண்மையான போட்டி: சூப்பர் 16க்கும் 2 பெர்ஃப் 35க்கும்

35 மி.மீ. என்றதும் பலர் 4 பெர்ஃப் கணக்கை நினைத்துக்கொண்டு, நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 90 அடி என்பது குறும்படக்காரருக்குக் கனமான சுமைதான். 400 அடி மேகஸின் (கேமராவில் ஃபிலிம் ஏற்றும் பெட்டி) நாலரை நிமிடம்கூட ஓடாது. நீளமான ஒற்றை டேக் எடுக்க வேண்டுமென்றால் 1,000 அடி மேகஸினும் அதைத் தாங்கும் தோளும் வேண்டும். 3 பெர்ஃப் அந்தச் சுமையில் கால்வாசியைக் குறைக்கிறது. அகலத்திரைக்கு வெட்டி எறியப்போகும் பகுதியைப் பதியாமல் விடுவதால் தரத்தில் ஒன்றும் இழப்பதில்லை. 16:9இல் முடிக்கப்போகும் படத்துக்கு 4 பெர்ஃப் எடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸ் போடுவதாக இருந்தால் தவிர.

2 பெர்ஃப் வேறு கதை. நிமிடத்துக்கு 45 அடி. சூப்பர் 16ஐவிட ஒன்பது அடிதான் அதிகம். ஃபிரேம் இயல்பிலேயே அகலமானது, அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு என்ற விகிதத்துக்கு அருகில் இருக்கிறது. சூப்பர் 16இன் இயல்பான விகிதமோ 1.66க்குச் சற்று மேல். 16:9க்கு அது கச்சிதமாகப் பொருந்தும், 2.39க்கு வெட்டினால் உயரம் 5.24 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். அந்த விகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 2 பெர்ஃபின் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. 500 டங்ஸ்டனில் எடுத்த இரவுக் காட்சியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இனி பணம். 16இன் அடி விலையை 1 அலகு என்றும், 35இன் அடி விலையை 1.6 அலகு என்றும் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். 60 நிமிடத்துக்குக் கச்சா ஃபிலிம் மட்டும்: சூப்பர் 16க்கு 2,160 அலகு, 2 பெர்ஃபுக்கு 4,320, 3 பெர்ஃபுக்கு 6,480, 4 பெர்ஃபுக்கு 8,640. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று படிக்கட்டாக ஏறுகிறது. 2 பெர்ஃப் இரண்டு மடங்கு என்பது கசப்புதான். ஆனால் கழுவும் கட்டணம் அடிக் கணக்கில் 16க்கும் 35க்கும் பெரும்பாலும் அதிகம் வேறுபடுவதில்லை. எனவே அந்த வரிசையில் வித்தியாசம் கிட்டத்தட்ட 25 சதவீதத்தோடு நின்றுவிடும்.

ஸ்கேனில்தான் ஆட்டம் மாறுகிறது. அடிக்கு இவ்வளவு என்று வாங்கும் லேப்பில் 16தான் வெல்லும், ஏனெனில் ஓர் அடியில் அதிக நேரம் அடங்கியிருக்கிறது. 4 பெர்ஃப் அங்கே இரண்டரை மடங்கு. மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் லேப்பில் 16க்கும் 35க்கும் கட்டணம் ஏறக்குறைய சமமாகிவிடும். ஒரே படத்துக்கு இரண்டு லேப்கள் தரும் மதிப்பீடுகளில் ஃபார்மட்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதும் மாறித் தெரிவதற்கு இதுதான் காரணம். மணிக் கட்டணத்தில் ஒரு பொறியும் உண்டு. 60 நிமிட நெகட்டிவ் என்றால் 60 நிமிடத்தில் முடியும் என்று எண்ணக்கூடாது. ரோல் ஏற்றுவது, அளவு சரிசெய்வது, ஷாட்டுக்கு ஷாட் வண்ணம் பார்ப்பது எல்லாம் மீட்டரில் ஓடும்.

2 பெர்ஃபுக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஃபிரேம்களுக்கு இடையில் இடம் மிகக் குறைவு. கேட்டில் (ஃபிலிமில் வெளிச்சம் விழும் கேமரா ஜன்னலில்) ஒரு முடி ஒட்டினால் அது ஓரத்தோடு நிற்காமல் படத்துக்குள் எட்டிப் பார்க்கும். சுத்தம் செய்வதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். 2 பெர்ஃப் மூவ்மென்ட் (ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும் அமைப்பு) உள்ள கேமரா எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆரி, பானாவிஷன், ஆட்டன் மூன்றுமே 2011 வாக்கில் ஃபிலிம் கேமரா தயாரிப்பைக் கைவிட்டுவிட்டதால் வாடகைக்கு இருப்பதெல்லாம் பழைய உடல்கள்தான். சூப்பர் 16க்கு ஆரிஃபிளெக்ஸ் எஸ்ஆர்3, 416, ஆட்டன் எக்ஸ்டிஆர் என்று தேர்வு விரிவு, எடை குறைவு, ஒரு 400 அடி ரோல் 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். வாடகை வித்தியாசத்தை விட்டுவிட்டு ஃபிலிம் விலையையும் படத்தின் பரப்பையும் மட்டும் ஒப்பிட்டால் 2 பெர்ஃப் ஜெயித்ததாகப் பொய்யாகத் தோன்றும்.

என் தீர்ப்பு: 16:9, கையில் கேமரா, நடிகர்கள் புதியவர்கள் என்றால் சூப்பர் 16. படம் 2.39இல்தான் என்று தீர்மானமாக இருந்து, டிரைபாடில் நிதானமாக எடுக்கும் பாணி என்றால் 2 பெர்ஃபை விசாரிக்காமல் விடக்கூடாது.

புது ரோலா, மிச்சத் துண்டுகளா

பெரிய படப்பிடிப்புகளில் மேகஸினில் மீந்த, வெளிச்சம் படாத துண்டுகளை ஷார்ட் எண்ட் என்கிறார்கள். உறை திறந்து மேகஸினில் ஏற்றி, ஓடவே ஓடாமல் திரும்பக் கேனில் போன ரோல் ரீகேன். இரண்டும் புது ரோலைவிட மலிவாகக் கிடைக்கும். 35இல் இவை தாராளம். 16இல் அரிது, கிடைத்தாலும் நீளம் குறைவு. மேலே சொன்ன கணக்கில் 35 ஷார்ட் எண்ட் பாதி விலைக்குக் கிடைத்தால் 2 பெர்ஃபின் கச்சா ஃபிலிம் செலவு 2,160 அலகாகிவிடும். அதாவது புது 16 ரோலுக்குச் சமம். 35ஐ எட்டாக் கனி என்று ஒதுக்குவதற்கு முன் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இலவசம் ஒன்றும் இல்லை. அந்தத் துண்டு எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கேனிலிருந்தும் சில அடி வெட்டி லேப்பில் கிளிப் டெஸ்ட் எடுத்து, மூட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கும் கட்டணம். ஒவ்வொரு லோடிலும் தலையிலும் வாலிலும் சில அடி வீணாகும். 400 அடி ரோலில் அது பொருட்டில்லை, 100 அடித் துண்டில் வலிக்கும். 4 பெர்ஃபில் 100 அடி என்பது ஒரு நிமிடம் ஏழு வினாடிதான்; அதற்காக இருட்டுப் பைக்குள் கைவிட்டு லோட் செய்ய ஒருவர் உட்கார்ந்திருப்பார், பத்துப் பேர் காத்திருப்பார்கள். 250 அடிக்குக் கீழே உள்ளவற்றை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வெவ்வேறு எமல்ஷன் எண்களை (தயாரிப்புத் தொகுதி எண்களை) சேர்ந்த துண்டுகளை ஒரே காட்சிக்குள் கலக்காமல் இருப்பதும் நல்லது. ஒரு காட்சிக்கு ஒரு தொகுதி என்று பிரித்துவிட்டால் வண்ணம் பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார்.

தினமும் கழுவுவதா, மொத்தமாகவா

லேப்களில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. ஒரு ரோலை அனுப்பினாலும் அந்தத் தொகை போகும். ஆகவே நான்கு நாள் படப்பிடிப்பில் நான்கு முறை அனுப்புவதைவிட எல்லாவற்றையும் கடைசியில் ஒரே முறை அனுப்புவது மலிவு. ஆனால் முதல் நாளே கேமராவில் கீறல் விழத் தொடங்கியிருந்தால் நான்கு நாளும் கீறலோடுதான் வரும். முதல் நாளின் முதல் ரோலை மட்டும் உடனே அனுப்பிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து அனுப்புவது எனக்குப் பிடித்த நடு வழி. இரண்டு முறைக்கான குறைந்தபட்சக் கட்டணம், ஒரு முழு மறுபடப்பிடிப்புக்குக் காப்பீடு.

ஃபோர்ஸ் டெவலப்பிங் (குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட அதிக நேரம் கழுவுவது) தேவைப்பட்டால் அடிக்கட்டணத்தின் மேல் தனித்தொகை. அதைக் கேனின் மேல் பெரிதாக எழுதி, கேமரா ரிப்போர்ட்டிலும் எழுத வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அடி விலையில் மலிவுதான். ஆனால் அதன் ரசாயனம் வேறு, அதை ஓட்டும் லேப்கள் குறைவு, அனுப்பும் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடக்கூடும். எக்டாகுரோம் போன்ற ரிவர்சல் ஃபிலிமை (கழுவியதும் நேராகப் பாசிட்டிவ் படமாக வருவதை) நேரடியாகப் புரொஜெக்டரில் ஓட்டப்போகிறவர்கள் எடுக்கலாம். ஸ்கேன் செய்வதுதான் நோக்கம் என்றால் எக்ஸ்போஷரில் மன்னிக்காத ஒன்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பானேன்.

ஒரே ஸ்கேனா, இரண்டு ஸ்கேனா

முதல் வழி: எல்லா நெகட்டிவையும் இறுதித் தரத்தில், லாக் கோப்பாக (பிறகு வண்ணம் சரிசெய்ய இடம் தரும் தட்டையான பதிவாக), ஒரே முறை ஸ்கேன் செய்துவிடுவது. இரண்டாம் வழி: எல்லாவற்றையும் மலிவான ஒன்லைட்டில் (ஷாட்டுக்கு ஷாட் வண்ணம் திருத்தாத மாற்றத்தில்) மாற்றி எடிட் செய்து, படத்தில் நின்ற ஷாட்களை மட்டும் ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கீகோட் எண்களைக் கொண்டு மறுபடி உயர்தரத்தில் ஸ்கேன் செய்வது. சூப்பர் 8இல் கீகோட் கிடையாது, ஆகவே அங்கே இரண்டாம் வழி பெயரளவுக்குத்தான்.

எது மலிவு என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன: ஷூட்டிங் ரேஷியோ, இரு ஸ்கேன்களுக்கும் இடையிலான விலை விகிதம். உயர்தர ஸ்கேன் மலிவானதைப் போல மூன்று மடங்கு என்றும், ஷாட்டின் இருபக்கமும் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதால் 10 நிமிடப் படத்துக்கு 15 நிமிடம் மறு ஸ்கேன் ஆகும் என்றும் கொள்வோம். மலிவான ஸ்கேனுக்கு நிமிடம் 1 அலகு என்றால், 6:1இல் முதல் வழிக்கு 180 அலகு; இரண்டாம் வழிக்கு 60உம் 45உம் சேர்ந்து 105. 10:1இல் 300க்கு எதிராக 145. இரண்டாம் வழி அபாரமாகத் தெரிகிறது. 3:1 ரேஷியோவில் 90க்கு எதிராக 75. ரோல்களை மறுபடி ஏற்றித் தேடும் கட்டணம் அந்த 15ஐ விழுங்கிவிடும். விலை விகிதம் மூன்றாக இல்லாமல் ஒன்றரையாக இருந்தால் 6:1இலேயே 90க்கு எதிராக 82.5, அப்போது இரண்டாம் வழியில் போவது வீண் அலைச்சல். புது ஸ்கேனர் வைத்திருக்கும் லேப்களில் 2கே லாக் ஸ்கேனுக்கும் சாதாரண மாற்றத்துக்கும் இடைவெளி குறைந்துவருவதால் குறும்படத்துக்கு ஒரே ஸ்கேன் வழிதான் பெரும்பாலும் ஒத்துவருகிறது. நெகட்டிவ் மறுபடி மறுபடி இயந்திரத்தில் ஏறாது என்பதும் லாபம்.

2கேயா 4கேயா (ஸ்கேனின் அகலம் சுமார் 2,000 புள்ளியா 4,000 புள்ளியா) என்ற சண்டையில் சூப்பர் 16க்கு 2கே போதும் என்பவன் நான். 4கே துகளை இன்னும் நயமாகப் பதியும், படத்தைப் பெரிதாக்கி வெட்டவும் இடம் தரும். ஆனால் அதன் விலை ஸ்கேனோடு முடிவதில்லை. 35 மி.மீ. முழு ஃபிரேமை 10 பிட் டிபிஎக்ஸாக (ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படக்கோப்பாக) 2கேயில் எடுத்தால் ஒரு ஃபிரேம் சுமார் 12.75 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 1.1 டெராபைட். 4கேயில் அது நான்கு மடங்கு. இரண்டு பிரதி வைப்பதுதான் ஒழுங்கு என்பதால் டிஸ்க்கும் இரட்டிப்பு. அதே ஒரு மணி நேரம் எச்டி அளவில் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற சுருக்கிய வீடியோக் கோப்பாக 80 ஜிபிக்குள் அடங்கும். மதிப்பீட்டில் டிஸ்க் விலையும் கழுவியபின் சுத்தம் செய்து ரோல் இணைக்கும் கட்டணமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது.

காசு பற்றாக்குறை வந்தால் எதை வெட்டுவது

நான்கு கத்திகள் இருக்கின்றன: ஃபார்மட்டை இறக்குவது, ரேஷியோவைக் குறைப்பது, ஷார்ட் எண்டுக்கு மாறுவது, ஸ்கேன் தரத்தைக் குறைப்பது.

ரேஷியோதான் முதலில். 6:1ஐ 5:1 ஆக்கினால் 16இல் 360 அடி மிச்சம். அந்த 360 அடியைக் கழுவவும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ஷார்ட் எண்டும் ஸ்கேன் தரமும் ஏதாவது ஒரு கட்டத்தைத்தான் வெட்டும், இது மூன்றையும் வெட்டும். அதற்கு நடிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. கேமரா ஓடத் தொடங்கியபின் கிளாப் தேடுவது, "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்பது, கட் சொல்ல மறந்து ரசித்துக்கொண்டிருப்பது எல்லாம் டேக்குக்கு ஆறு வினாடி தின்றால் 100 டேக்கில் 10 நிமிடம். 16இல் அது 360 அடி, 4 பெர்ஃபில் 900 அடி. ஒத்திகையைக் கேமரா ஓடாமல் முடித்துவிட்டால் இந்த அடிகள் கைக்குத் திரும்பும்.

அடுத்தது ஸ்கேன். இன்று ஒன்லைட்டில் மாற்றிவிட்டு, கையில் பணம் வந்தபின் அதே நெகட்டிவை நல்ல தரத்தில் மறுபடி ஸ்கேன் செய்யலாம். நெகட்டிவ் எங்கும் போய்விடாது. கழுவுவதை இப்படித் தள்ளிப்போடக் கூடாது. வெளிச்சம் பட்ட ஃபிலிம் கழுவப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அதில் உள்ள படம் மங்கத் தொடங்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஃபார்மட்டை இறக்குவது மூன்றாவது, அதுவும் படப்பிடிப்புக்கு முன்பு மட்டும். வெளியூர் லேப்புக்கு விமானத்தில் அனுப்புவதாக இருந்தால், கழுவாத கேன்களை எக்ஸ்ரே, சிடி ஸ்கேனர் வழியாக விடாமல் கையால் சோதிக்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளும் செலவையும் கழுவும் வரிசையில்தான் எழுத வேண்டும்.